போதும் என்று சொல்லும் குழாய்

2024 செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை இரவு. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனின் மொட்டை மாடி. கொடியில் காயும் லுங்கிகளுக்கு நடுவே ஏழெட்டுப் பையன்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வடக்கே காதை நீட்டியிருந்தார்கள். தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டருக்குப் பாதை போட்டு, ராத்திரியைப் பகலாக்கிய விளக்கு வெளிச்சத்தில் பார்முலா 4 கார்ப் பந்தயம். வண்டிகள் சிவானந்தா சாலைப் பக்கம் சீறும்போதெல்லாம் அந்தச் சத்தம் காற்றடிக்கும் திசையைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும் எங்கள் மாடிக்கு வந்துகொண்டிருந்தது. கீழே மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுக் காற்று வாங்க ஏறிய நானும் நின்றுவிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் ஆரணிப் பையன் ஒருவன். ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தவன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு உதிரிபாகக் கடையில் நாலு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறான். தேய்ந்துபோன பேரிங் ஒன்றைக் கையில் கொடுத்தால், எந்த வண்டியில் எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று சொல்லிவிடுவான். கடை மூடியதும் என் ஷெட்டுக்கு வந்து, கூலி கேட்காமல் இரவு பத்து மணி வரை ஸ்பானர் பிடிப்பான்.

"உள்ள இருக்கறது 1.3 லிட்டர் டர்போண்ணா" என்றான், கண்ணை மூடிக்கொண்டு.

"இருங்காட்டுக்கோட்டை டிராக்குல ஒரு ரேஸ் டீம்ல மெக்கானிக் எடுக்கறாங்கன்னு சொன்னேனே, போனியா?"

"இல்லண்ணா. அதெல்லாம் பெரிய எடம். இங்கிலீஷ்ல கேப்பாங்க. நமக்கு இது போதும்ணா."

போதும்ணா! அந்த ஒரு சொல் எனக்குச் சுருக்கென்று ஏறியது. வயிறு நிறைந்தவன் இலையை மடிக்கும்போது சொல்லும் போதும் எனக்குப் புரியும். இலை போடுவதற்கு முன்பே சொல்லும் போதும் எங்கிருந்து வருகிறது? இருபத்தாறு வயதில், ஒரு தடவைகூட முழு மூச்சில் ஓடிப் பார்க்காதவன் வாயில் அந்தச் சொல்லை வைத்தது யார்?

அவனிடம் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. "நாளைக்குக் கடை முடிஞ்சதும் வா, ஒரு வேலை இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

என் ஷெட் பைக்ராஃப்ட்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது. ரோட்டுக்குப் பாரதி சாலை என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பைக்ராஃப்ட்ஸ்தான். அங்கே அப்போது ஒரு வாடிக்கையாளரின் பழைய 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் நின்றுகொண்டிருந்தது. ரோட்டில் ஓடியது போதும், இனி டிராக்கில் மட்டும் ஓட்டலாம் என்று அவர் ஒதுக்கிய வண்டி. அதற்கு ஒரு பூஸ்ட் கன்ட்ரோலர் மாட்ட வேண்டும். (ரோட்டில் ஓடும் வண்டிக்கு இதைச் செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்ற விடாது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. எங்கள் வண்டி ஷெட்டிலிருந்து டிராக்குக்கு ஒரு லாரியின் முதுகில் ஏறித்தான் போனது.)

மறுநாள் அவன் வந்ததும் பானெட்டைத் தூக்கி, டர்போவின் ஓரமாகப் போகும் ஒரு கறுப்புக் குழாயைத் தொட்டுக் காட்டினேன். சுண்டு விரல் பருமன்கூட இல்லாத ரப்பர் குழாய். ஒரு ஜாண் நீளம்.

"இது என்னடா?"

"வேஸ்ட்கேட் ஹோஸ்ணா."

"இதோட வேல?"

அவன் சொன்னான். சரியாகவே சொன்னான். உங்களுக்காக நான் சொல்கிறேன்.

எஞ்சின் எரித்துத் துப்பும் புகை சைலன்சருக்குப் போகும் வழியில் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் திணிக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சாமான் அது. வேண்டாம் என்று வெளியே தள்ளிய புகையே திரும்பி வந்து எஞ்சினுக்கு மூச்சாகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் இதற்கு ஒரு கடிவாளம் வேண்டும். காற்று திணியத் திணியப் புகை கூடும், புகை கூடக்கூடச் சக்கரம் இன்னும் வேகமாகும்; விட்டால் எஞ்சின் வெடிக்கும்வரை போகும். அதற்காகத்தான் புகைப் பாதையில் ஒரு சின்னக் கதவு. அதுதான் வேஸ்ட்கேட். கதவு திறந்தால் புகை சக்கரத்தைத் தொடாமல் பக்கவாட்டில் ஓடிவிடும், வேகம் ஏறுவது நின்றுவிடும்.

கதவை எப்போது திறப்பது? அதைச் சொல்வதுதான் அந்த ஒரு ஜாண் குழாய். டர்போ அமுக்கிய காற்றில் ஒரு துளி அந்தக் குழாய் வழியாக ஒரு டப்பாவுக்குப் போகிறது. டப்பாவுக்குள் ஒரு ரப்பர் சவ்வு, அதற்கு எதிராக ஒரு ஸ்பிரிங். அழுத்தம் ஸ்பிரிங்கை ஜெயித்ததும் கம்பி நகரும், கதவு திறக்கும். பல வண்டிகளில் நடுவே கம்ப்யூட்டர் சொல்படி ஆடும் ஒரு சோலனாய்டும் இருக்கும். இருந்தாலும் அடிப்படை இதுதான்: "போதும்" என்ற செய்தி ஒரு குழாய் வழியாக வருகிறது. எங்கள் வண்டியில் அது 0.5 பாருக்கு வந்துவிடும். கார் டயருக்கு 32 பவுண்டு காற்று அடிக்கிறோம் இல்லையா? அதில் கால் பங்குகூட இல்லை.

பூஸ்ட் கன்ட்ரோலர் என்பது அந்தக் குழாயை நடுவில் அறுத்துச் செருகும் ஒரு பித்தளைத் துண்டு. உள்ளே ஒரு குண்டு, ஒரு ஸ்பிரிங், மேலே திருகும் ஒரு குமிழ். நாம் வைத்த அளவு அழுத்தம் வரும்வரை குண்டு வழிவிடாது. அதுவரை டப்பாவுக்குச் செய்தி போகாது. கதவு மூடியே இருக்கும். டர்போ இன்னும் கொஞ்சம் மூச்சுக் கட்டும்.

கவனியுங்கள். அந்தப் பித்தளைத் துண்டு எஞ்சினுக்கு ஒரு சொட்டு பலம்கூடக் கொடுப்பதில்லை. பலம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அவசரப்பட்டு வரும் ஒரு "போதும்"-ஐ அது கொஞ்ச நேரம் வாசலில் நிறுத்தி வைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

உங்களுக்குள்ளும் அப்படி ஒரு குழாய் ஓடுகிறது. அதில் யார் குரல் வருகிறது என்று என்றைக்காவது காது வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் சொன்னதா? "நம்ம குடும்பத்துல யாரு அதெல்லாம் செஞ்சாங்க" என்று பெரியப்பா கல்யாண வீட்டில் சொன்னதா? முதல் நேர்காணலில் உங்கள் உச்சரிப்பைக் கேட்டு ஒருவர் உதட்டோரம் சிரித்தாரே, அந்தச் சிரிப்பா? அவர்கள் எல்லாம் மறந்துபோய்விட்டார்கள். வாத்தியார் ஓய்வு பெற்றுவிட்டார். சிரித்தவருக்கு உங்கள் முகம்கூட நினைவில்லை. நீங்கள்தான் அந்த ஸ்பிரிங்கை மாற்றாமல் சுமந்துகொண்டு, 0.5 வந்ததும் கதவைத் திறந்துவிட்டு, என் பலமே இவ்வளவுதான் என்று ஊரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மூச்சு அத்தனையும் பக்கவாட்டில் போகிறது. கோபம் வரவில்லையா உங்களுக்கு? எனக்கு வருகிறது.

இந்த டர்போவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூகி 1905இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வீணாகும் புகையைத் திருப்பி வேலை வாங்கலாம் என்ற யோசனை. கையில் யோசனை இருந்தது. அந்தச் சூட்டையும் வேகத்தையும் தாங்கும் உலோகம் உலகத்தில் இல்லை. உருப்படியான பலனை அவர் காட்ட 1925 ஆயிற்று. இருபது வருஷம்! அதன் பிறகு கட்டிய இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்களில் 1,750 குதிரைத்திறன் எஞ்சின்கள் டர்போவால் 2,500 கொடுத்தன. இருபது வருஷமும் அவர் காதில் விழுந்திருக்கக்கூடிய "போதும்"-களைக் கணக்கெடுத்துப் பாருங்கள்.

1977இல் ரெனோ கம்பெனி முதல்முதலாக ஒரு டர்போ காரை பார்முலா 1 பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. சில்வர்ஸ்டோனில் முதல் பந்தயத்தையே முடிக்க முடியவில்லை. அடுத்தடுத்தும் புகை கக்கி ஓரத்தில் நின்றது. மற்ற அணிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் மஞ்சள் டீ கெட்டில். இரண்டு வருஷம் கெட்டிலாகவே இருந்தது. 1979 ஜூலை 1, பிரான்ஸின் திஜோனில் ரெனோவின் மஞ்சள் வண்டி முதலில் வந்து நின்றது. சில வருஷங்களில் சிரித்தவர்களும் டர்போ வாங்க வரிசையில் நின்றார்கள்.

இதெல்லாம் சீமைக் கதை என்கிறீர்களா? எங்கள் பேட்டைக்கே வாருங்கள்.

எங்கள் ஷெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இந்து உயர்நிலைப் பள்ளி. 1922 முதல் 1925 வரை அங்கே படித்த ஒரு பையன், பிறகு மாநிலக் கல்லூரியில் முடித்துவிட்டு, 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினான். பயணத்தில் சும்மா இருக்காமல் கணக்குப் போட்டான். எரிந்து முடிந்த நட்சத்திரம் ஒரு அளவுக்கு மேல் எடையோடு இருந்தால் வெண்குறுமீனாக அடங்கி நிற்க முடியாது என்று விடை வந்தது. 1935 ஜனவரியில் லண்டனில் வானியல் அறிஞர்கள் கூடிய சபையில் அதைப் படித்தான். அடுத்து எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். அந்தக் காலத்தில் அந்தத் துறையில் அவர் வாக்குக்கு அப்பீல் கிடையாது. நட்சத்திரம் அப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்று கேலி தொனிக்கப் பேசி உட்கார்ந்தார். சபை சிரித்தது. பையனுக்கு இருபத்து நாலு வயது. அந்நிய ஊர். சிரித்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள்.

அந்தப் பையன், சுப்ரமணியன் சந்திரசேகர், அப்போது என்ன செய்தார்? கணக்கை மாற்றவில்லை. சண்டைக்கு நின்று ஆயுளைக் கழிக்கவும் இல்லை. 1939இல் அந்த வேலையை ஒரு புத்தகமாக எழுதி முடித்துவிட்டு, வேறொரு துறையில் இறங்கி அதிலும் உச்சிக்குப் போனார். நோபல் 1983இல் வந்தது. சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு என்ற அந்த அளவுக்கு இன்றைக்கு உலகம் முழுக்கப் பெயர் சந்திரசேகர் எல்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் பரிசு இல்லை. அவர் கண்டுபிடித்ததே ஒரு எல்லையைத்தான். இதற்கு மேல் தாங்காது என்றுதான் அவர் கணக்கும் சொன்னது. எடிங்டன் சொன்னதும் ஒரு தடைதான். ஒன்று பேனா பிடித்துக் கணக்குப் போட்டுக் கண்ட எல்லை. மற்றொன்று பெரிய மனிதர் ஒருவர் எழுந்து நின்று சொன்ன எல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது அந்தத் திருவல்லிக்கேணிப் பள்ளிக்கூடத்துப் பையனுக்கு. உங்கள் எல்லை எது? போட்டுக் கண்டதா, கேட்டுக்கொண்டதா?

சரி, ஷெட்டுக்கு வருகிறேன். மாட்டுவது பெரிய வேலையில்லை. பித்தளையின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். காற்று போகும் திசை. திருப்பி மாட்டினால் குண்டு ஒருபோதும் வழிவிடாது, கதவு ஒருபோதும் திறக்காது. குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. சைலன்சர் சூடு படாத இடமாகப் பார்த்து இறுக்க வேண்டும். பழைய சோலனாய்டின் குழாயைத்தான் கழற்றலாம், ஒயரைக் கழற்றக்கூடாது. கழற்றினால் செக் என்ஜின் லைட் எரியும். பூஸ்ட் மீட்டருக்குத் தனியாக இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு குழாய். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மீட்டர் இல்லாமல் குமிழைத் திருகுகிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு மெரினா ரோட்டைக் கடக்கிறவன்.

எல்லாம் முடித்து, டிராக்குக்குக் கொண்டுபோய், மூன்றாவது கியரில் மிதித்தால் முள் 0.5. குமிழை அரைச் சுற்று இறுக்கினோம். 0.5. இன்னும் ஒரு சுற்று. 0.5. ஆத்திரத்தில் முழுக்க இறுக்கிவிட்டேன். 0.5தான்.

"டூப்ளிகேட் சாமானா இருக்கும்ணா" என்றான் பையன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சாமானைத் திட்டிக்கொண்டே திரும்பினோம்.

எங்கள் சந்து முனையில் பஞ்சர் கடை பாய் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். டர்போ என்றால் என்ன என்று அவருக்கு அக்கறையில்லை. புலம்பியதைக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "காத்து நிக்கலன்னா, பம்பைத் திட்டுவியா, டியூபைத் தண்ணியில முக்குவியா?"

முக்கினோம். காரைத் தண்ணீரில் முக்க முடியாது. பெரிய தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் பிவிசி மூடி வாங்கி, நடுவில் ஓட்டை போட்டு, டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைச் செருகி, டர்போவின் வாயில் அடைத்து, பாயின் கம்ப்ரசரிலிருந்து 15 பவுண்டுக்குக் காற்று விட்டோம். பாய் தன் சோப்புத் தண்ணீர் மக்கைக் கொடுத்தார். ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே வந்தான் பையன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. இன்டர்கூலருக்குக் கீழே, மட்கார்டுக்குப் பின்னால், கை மட்டும் போகும் இடத்தில் புஸ்ஸென்று நுரை பொங்கியது.

கழற்றிப் பார்த்தால் பெரிய ரப்பர் ஹோஸில் ஒரு கிழிசல், இரண்டு விரல் அகலம். சும்மா வைத்திருக்கும்போது உதடு மூடியதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் 0.5ஐத் தாண்டினால் மட்டும் வாயைத் திறக்கும். வண்டி ஐடிலில் நிற்கும்போது எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

நண்பர்களே, இந்தக் கிழிசலை எனக்கு நன்றாகத் தெரியும். தனியறையில் படிக்கும்போது எல்லாம் நினைவில் இருக்கிறது, தேர்வு ஹாலில் உட்கார்ந்ததும் கை நடுங்குகிறது. வீட்டில் கண்ணாடி முன் அழகாகப் பேசுகிறோம், பத்துப் பேர் முன் தொண்டை அடைக்கிறது. உடனே என்ன முடிவுக்கு வருகிறோம்? "நான் டூப்ளிகேட்." ஆள் மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிடுகிறோம். அய்யா, நீங்கள் டூப்ளிகேட் இல்லை. அழுத்தத்தில் மட்டும் வாய் திறக்கும் ஒரு கிழிசல் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அழுத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும். கை நடுங்கும் இடத்துக்கு வேண்டுமென்றே போய், சோப்புத் தண்ணீரோடு உட்காருங்கள். எங்கே நுரைக்கிறது என்று பாருங்கள். முன்னுரையில் நடுங்குகிறதா, கேள்வி கேட்கும்போதா, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்கும்போதா? இடம் தெரிந்துவிட்டால் அது ஒரு ஹோஸ் மாற்றும் வேலை. ஆளை மாற்றும் வேலை இல்லை!

ஹோஸை மாற்றினோம். இனி என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். குமிழ் முழுக்க இறுக்கியபடி இருந்ததை நான் மறந்துவிட்டேன். டிராக்கில் ஏறி மிதித்தேன். முள் 0.5ஐத் தாண்டி, 0.8ஐத் தாண்டி, 1ஐத் தாண்டிப் பறந்தது. முதுகு சீட்டில் ஒட்டியது. அடுத்த கணம் யாரோ வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி ஒரு உலுக்கல். நெற்றி ஸ்டியரிங்கைத் தொட இருந்தது. காற்று அளவுக்கு மீறி வருவதைக் கண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டது. நிறுத்தியிருக்காவிட்டால் பிஸ்டன் உருகியிருக்கும். காற்று ஏறினால் அதற்கேற்ப பெட்ரோலும் ஏற வேண்டும். காற்று மட்டும் ஏறினால் உள்ளே சூடு எகிறி எஞ்சின் தன்னைத்தானே அடித்து நொறுக்கிக்கொள்ளும்.

ஷெட் போக நான் மேடைகளிலும் பேசுகிறவன். சக பேச்சாளர்கள் கோபித்துக்கொள்ளலாம். மண்டபம் பிடித்து, கைதட்ட வைத்து, "உன்னால் எதுவும் முடியும்" என்று கத்தி அனுப்பும் கூட்டங்களில் நடப்பது இதுதான். குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காற்றை மட்டும் ஏற்றுகிறார்கள். கேட்டவன் திங்கட்கிழமை காலை முள் 1.1இல் வேலைக்குப் போகிறான். செவ்வாய்க்கிழமை கேஸ்கட் போகிறது. பிறகு வாழ்நாள் முழுக்க 0.3க்கு மேல் மிதிக்க மாட்டான்.

எல்லை இருந்தால் தோற்றுவிடுவோம் என்று பயப்படாதீர்கள். 1986இல் பார்முலா 1 பந்தயத்தில் ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சின்களை ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் திருகினார்கள். தகுதிச் சுற்றுக்கென்றே ஒரு எஞ்சின், சில சுற்றுகளில் அதன் ஆயுள் முடிந்துவிடும். 1987இல் 4 பாருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. 1988இல் அதை 2.5க்கு இறக்கி, பெட்ரோலும் 150 லிட்டருக்கு மேல் கிடையாது என்றார்கள். டர்போ செத்தது என்று பலர் எழுதிவிட்டார்கள். மெக்லாரனும் ஹோண்டாவும் அந்த 2.5க்குள் உட்கார்ந்து ஒவ்வொரு சொட்டையும் எண்ணி எஞ்சினைச் செதுக்கினார்கள். அந்த வருஷம் 16 பந்தயங்களில் 15 அவர்களுக்கு.

பித்தளைத் துண்டில் இன்னொரு விஷயமும் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது. பக்கவாட்டில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். புதிதாக வாங்குபவர்கள் "ஓட்டை சாமான்" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுவருவார்களாம். பையன் சொல்லிச் சிரித்தான். அந்த ஓட்டை இல்லாவிட்டால், ஒரு முறை டப்பாவுக்குள் போன அழுத்தம் வெளியே வர வழியின்றி அங்கேயே தங்கிவிடும். காலை எடுத்த பிறகும் கதவு திறந்தே கிடக்கும். அடுத்த முறை மிதிக்கும்போது வண்டி எழும்பாது. போன வளைவின் "போதும்" இந்த வளைவிலும் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

பழைய தோல்வியை உள்ளே அடைத்து வைத்திருப்பவர்களே, உங்களுக்கு அந்த ஓட்டை எங்கே? டிஎன்பிஎஸ்சி மூன்று முறை போயிற்று. போகட்டும். போன தடவையின் அழுத்தத்தோடு நாலாவது தடவை எழுத உட்காராதீர்கள். யாரிடமாவது சொல்லுங்கள். பீச் ரோட்டில் நடந்துவிட்டு வாருங்கள். அழ வேண்டுமானால் அழுங்கள். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சொன்னவன் ஓட்டையை அடைத்தவன். ஊசி முனை போதும், காற்று தானே வெளியேறிவிடும்.

மறு வாரம் மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை நான் ஓட்ட மட்டும் செய்தேன். குமிழ், மீட்டர், நோட்டு மூன்றும் பையன் கையில். குமிழை முழுக்கத் தளர்த்தி ஒரு ஓட்டம், எழுது. கால் சுற்று, ஒரு ஓட்டம், எழுது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். 0.7இல் மேல் வேகத்தில் மிஸ்ஸிங் வந்தது. எனக்கு உடனே கை குமிழுக்குப் போயிற்று. அவன் தடுத்தான். "இருங்கண்ணா, பிளக் கேப்பப் பாக்கலாம். அழுத்தம் கூடுனா பொறி தாண்டாது." கழற்றி, கேப்பை 0.7 மில்லிமீட்டருக்குக் குறைத்து மாட்டினான். மிஸ்ஸிங் போய்விட்டது. நாலு வருஷம் கவுண்டரில் நின்று பிளக் விற்றவன். விற்றபோதெல்லாம் கற்றுக்கொண்டிருந்திருக்கிறான், தனக்கே தெரியாமல்.

அன்றைக்கு மத்தியானம், மெக்கானிக் எடுக்கிறார்கள் என்று நான் சொன்ன அந்த டீமின் தலைமை மெக்கானிக் எங்கள் பிட் பக்கம் வந்தார். என்ன பண்றீங்க என்று எட்டிப் பார்த்தவர், பையன் கையிலிருந்த நோட்டை வாங்கிப் புரட்டினார். ஆங்கிலத்தில்தான் ஏதோ கேட்டார். பையன் எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன். அவன் பதில் பாதி ஆங்கிலம், பாதி ஆரணி. கிழிந்த ஹோஸைப் பற்றிச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது. டூல் பாக்ஸில் போட்டு வைத்திருந்த அந்தப் பழைய ஹோஸையே எடுத்து, இரண்டு கையாலும் வளைத்து, கிழிசல் வாய் திறப்பதைக் காட்டினான். அவர் அதை வாங்கித் தானும் ஒரு முறை வளைத்துப் பார்த்தார். பிறகு இருவரும் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் இருக்கும். நான் போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

வரும்போது பையன் மட்டும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். முள் குறி வைத்த 0.8ஐத் தொட்டுவிட்ட வண்டி. இன்னொரு ஓட்டம் பாக்கி. தார் ரோட்டிலிருந்து கானல் எழும்பிக்கொண்டிருந்தது.

"என்னடா, இன்னும் ஏத்திப் பாக்கலாமா?" என்றேன் வேண்டுமென்றே.

அவன் இன்டர்கூலரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தான்.

"வெயில் ஏறிடுச்சுண்ணா. கால் சுத்து எறக்கிட்டு ஓட்டலாம். சாயங்காலம் திருப்பி ஏத்திக்கிறேன்."